ஒரே கதவில் இரண்டு பூட்டு

எங்கள் பாளையாவில் தமிழ் மன்றம் என்றால் ஒன்றுதான். முப்பதுக்கு நாற்பது சைட்டில் மங்களூர் ஓடு போட்ட ஒரு நீளக் கூடம், பின்னால் சின்னதாக ஓர் அறை, முன்னால் மூன்று படி. அல்சூர் ஏரியிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். இந்திராநகர் லேஅவுட் போடுவதற்கு முன்னாலேயே இருந்த கிராமம் இது. நாலு பக்கமும் பெங்களூர் வளர்ந்து சூழ்ந்துகொண்ட பிறகும் எங்களுக்கு இது ஊர்தான். மெயின் ரோட்டில் இறங்கி, "ஊருக்குள்ள போகணும்" என்றுதான் ஆட்டோக்காரரிடம் சொல்வோம்.

அந்த மன்றத்தின் கதவில் பன்னிரண்டு வருஷம் இரண்டு பூட்டுகள் தொங்கின. ஒரே கொண்டியில் மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒன்றின் சாவி மேஸ்திரி பெரியப்பாவிடம், இன்னொன்று டெய்லர் மாமாவிடம். இருவரும் ஒரே நேரத்தில் வந்து நின்றால்தான் கதவு திறக்கும். அவர்களோ ஒருவர் வரும் தெருவில் இன்னொருவர் நடக்க மாட்டார்.

மன்றம் 1968-ல் பதிவானது. சான்றிதழில் மைசூர் என்றுதான் இருக்கும், மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் வைத்தது 1973-ல்தானே. எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை 1940-ல் ஆரம்பித்ததிலிருந்து வட ஆற்காடு, தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் இங்கே நிறைய. ஷிப்டுக்குப் போகிறவர்கள் மாதம் இவ்வளவு என்று சந்தா போட்டுக் கட்டிய கூடம் இது. சைட் கொடுத்தவர் ஒரு கன்னடக்காரர். தென்னந்தோப்பு வைத்திருந்த குடும்பம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும்.

காலையில் ஒருவர் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார், எழுத்துத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். சாயந்திரம் கேரம் போர்டு. பின்னறையில் இரண்டு மர பீரோ நிறையப் புத்தகம். 1980 கடைசியில் பொதுத்துறைத் தொழிலாளர்கள் 77 நாள் வேலை நிறுத்தம் செய்தபோது எங்கள் தெரு ஆண்கள் முழுப் பகலும் இங்கேதான் இருந்தார்கள் என்றும், அரிசி இருந்த வீடுகள் சேர்ந்து மன்றத்தில் கஞ்சி காய்ச்சின என்றும் அம்மா சொல்வார். அப்போது நான் கைக்குழந்தை.

எனக்கு நினைவு தெரிந்து மன்றம் என்றால் ஒரு ஜன்னல்தான். பொம்பளைப் பிள்ளைகள் உள்ளே போவதில்லை. யாரும் தடுத்ததில்லை, அப்படி விதியும் கிடையாது. போவதில்லை, அவ்வளவுதான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் புத்தகத்தின் பெயரைச் சொல்வேன், அப்பா பீரோவிலிருந்து எடுத்துவந்து கம்பி வழியாக நீட்டுவார். அதை ஒரு குறையாக அன்றைக்கு நினைத்ததே இல்லை. நாற்பது வயதுக்கு மேல்தான் அந்த ஜன்னல் மனதை அறுக்க ஆரம்பித்தது.

1991 டிசம்பர். காவிரி இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்த கையோடு பெங்களூரில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம். எனக்குப் பதினோரு வயது. அன்று சாயந்திரமே பெரியவர்கள் ஏணி வைத்து மன்றத்தின் பெயர்ப் பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தோம். கதவிடுக்கில் நான் பார்த்தது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது: எதிர் வீட்டு அஜ்ஜி, சைட் கொடுத்த குடும்பத்து மருமகள், கம்பளியைப் போர்த்திக்கொண்டு மன்றத்துப் படியில் உட்கார்ந்திருந்தார். "யாரு பந்த்ரூ நானு மாத்தாட்தீனி" என்றார் அம்மாவிடம். யார் வந்தாலும் நான் பேசிக்கொள்கிறேன் என்று. விடியும்வரை அங்கேயே இருந்தார். எங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை.

கழற்றிய பலகையை அப்புறம் யாரும் மாட்டவில்லை. முதலில் பயம், பிறகு பழக்கம். பத்து வருஷத்தில் மன்றத்தின் பெயரே தெரியாத ஒரு தலைமுறை வந்துவிட்டது.

கேபிள் டிவி வந்தது, கூட்டம் குறைந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது முழு உண்மை இல்லை. மன்றத்தை முடித்துவைத்தது வாடகை. கரண்ட் பில்லுக்கும் வரிக்கும் பணமில்லை என்று ஒரு சாமியானா கடைக்காரருக்கு நாற்காலி அடுக்கிவைக்க இடம் கொடுத்தார்கள். முதலில் பின்னறை மட்டும். அப்புறம் கூடத்தில் ஒரு மூலை. அப்புறம் பேப்பர் படிக்க வந்தவர்களுக்கு உட்கார இடமில்லை. மாதா மாதம் வாடகை சரியாக வந்தது, ஆனால் படி ஏற ஆளில்லை. ஆளில்லாத இடத்தில் பணம் மட்டும் இருந்தால் என்ன நடக்கும்? அந்தப் பணம் எங்கே போனது என்ற சண்டையில் பெரியப்பா ஒரு பூட்டுப் போட்டார். என்னை நம்பாமல் நீ பூட்டுவாயா என்று மாமா இன்னொன்று போட்டார். அது 2010. ஏரிக்கரைப் பக்கம் பதினெட்டு வருஷம் மூடியே கிடந்த வள்ளுவர் சிலையை அதற்கு முந்தைய ஆகஸ்டில்தான் திறந்தார்கள். ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. திரும்பி வந்த எங்களுக்கு மூடிக்கொள்ள ஒரு கதவு இருந்தது.

இடையில் அல்சூர் வழியாக மெட்ரோ ஓட ஆரம்பித்தது, 2011 அக்டோபரில். நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. மன்றத்தை இடித்துக் கட்டித் தருகிறோம், மேலே இரண்டு மாடி எங்களுக்கு என்று பில்டர்கள் வந்து பேசிவிட்டுப் போனார்கள். இரண்டு பூட்டும் இருந்ததால்தான் அந்தப் பேச்சு நகரவில்லை. அந்த ஒரு விஷயத்தில் சண்டைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

2019 பொங்கலுக்கு நாங்கள் ஒரு முயற்சி செய்தோம். கதவைத் திறக்காமலேயே வெளிச்சுவருக்கு மஞ்சள் அடித்து, தெருவில் பந்தல், மைக் செட், கோலப் போட்டி, இருநூறு பேருக்குச் சாப்பாடு. எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த நாள் பந்தலைப் பிரித்ததும் பூட்டு அப்படியே தொங்கியது. ஒரு நாள் விழாவுக்கு ஊர் எப்போதும் கூடும், அதற்கு மன்றம் தேவையே இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆனது.

புரியவைத்தது மன்றத்துப் படிதான். கொரோனா காலத்தில் பள்ளிக்கூடம் எல்லாம் போனுக்குள் போயிருந்தது. ஒருநாள் சாயந்திரம் வேலை முடிந்து வருகிறேன், அந்த மூன்று படியில் ஐந்து பிள்ளைகள். ஒரே போன். பெரியவள் போனைக் கையில் உயர்த்திப் பிடித்திருக்கிறாள், மற்றவர்கள் இரண்டு பக்கமும் தலையை நீட்டி அதையே பார்த்தபடி நோட்டில் எழுதுகிறார்கள். எதிர் வீட்டின் வைஃபை அந்தப் படிவரைக்கும்தான் எட்டுமாம். தூறல் வந்ததும் கதவோடு ஒட்டி நகர்ந்தார்கள், பூட்டு ஒரு பையனின் முதுகில் இடித்தது. அவனுக்குப் பின்னால் அறுநூறு சதுர அடிக் கூடம் காலியாகக் கிடந்தது.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற நூலகர் ஒருவர் இருக்கிறார், டீச்சரக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் போய் அழுதேன். அவருக்கு எதைப் பேசினாலும் எஸ்.ஆர்.ரங்கநாதன் வந்துவிடுவார். சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியாராக இருந்து நூலகராக மாறியவர், கடைசிக் காலம் முழுக்க இதே பெங்களூரில் இருந்து 1972-ல் இங்கேயே காலமானவர். நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். முதல் விதி, நூல்கள் பயன்படுத்தவே. "பழைய காலத்தில் ஐரோப்பாவில் புத்தகத்தைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள் என்று எழுதியிருக்கிறார். நாம் புத்தகத்தை விட்டுவிட்டுக் கட்டடத்தையே கட்டிப் போட்டிருக்கிறோம்" என்றார் டீச்சரக்கா. பிறகு ஒரு கேள்வி கேட்டார். "திறந்தால் தினமும் திறப்பாயா? வாரத்துக்கு ஒருநாள் என்றால் என்னைக் கூப்பிடாதே. மூடியிருக்குமோ என்று ஒருதடவை சந்தேகம் வந்துவிட்டால் பிள்ளைகள் அப்புறம் வரமாட்டார்கள்."

ரங்கநாதன் பிறந்தநாள் ஆகஸ்ட் 12. 2022-ல் அது ஆடிக் கடைசி வெள்ளியாக வந்தது. ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது என்று சிலர் சொன்னார்கள். அம்மாதான், "அம்மனுக்கு உகந்த நாளில் கதவு திறந்தால் என்ன தப்பு" என்று பேச்சை முடித்தார். முடித்ததோடு விடவில்லை. கோயிலில் கூழ் ஊற்றும்போது பெரியப்பாவுக்கும் மாமாவுக்கும் தன் கையால் சொம்பில் ஊற்றிக் கொடுத்து, "நாலு மணிக்கு ரெண்டு பேரும் சாவியோட வாங்க. பேச வேண்டாம். திறந்துட்டுப் போயிடுங்க" என்றார். எழுபது வயதுக்காரி கூழ் ஊற்றிவிட்டுக் கேட்கும்போது மறுக்க முடியுமா?

வந்தார்கள். பெரியப்பா சாவியை நுழைத்தார், திரும்பவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டுக் காத்திருந்து மறுபடி திருப்பியதும் திறந்துகொண்டது. மாமாவின் சாவி பாதியில் உடைந்து பூட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. லேத் பட்டறைப் பையன் ஆக்ஸா பிளேடு எடுத்துவந்து வளையத்தை அறுத்தான். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். அந்த இருபது நிமிஷமும் பெரியப்பா நகராமல், அறுக்கிற பையனுக்காகப் பூட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார். இரும்புத்தூள் அவர் விரலெல்லாம் படிந்தது. அறுந்து விழுந்ததும் மாமா குனிந்து அந்தப் பூட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். யாரும் எதுவும் பேசவில்லை. பெண்கள்தான் முதலில் படியேறினோம்.

உள்ளே எலிப் புழுக்கை, வௌவால் வாடை. ஒரு பீரோவின் கீழ் இரண்டு தட்டைக் கரையான் தின்று மண்ணாக்கியிருந்தது. கைவைத்தால் அட்டை மட்டும் வந்தது. மேல்தட்டுகள் தப்பித்திருந்தன. புத்தகம் கொடுத்து வாங்கிய பதிவு நோட்டு பத்திரமாக இருந்தது. கடைசி வரி 2006-ல். அப்பா கையெழுத்து நாலு பக்கத்துக்கு முன்னால் வரும், அவர் பெயருக்குக் கீழே எனக்காக எடுத்த புத்தகங்கள். டீச்சரக்கா புது நோட்டு வாங்கச் சம்மதிக்கவில்லை. 2006-க்கு அடுத்த வரியிலேயே 2022 தேதி போட்டு எழுதினோம்.

அடுத்து சட்ட வேலை. இப்படி ஒரு மன்றத்தை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்கள் யாராவது படித்தால் உதவும் என்பதால் சொல்கிறேன். கர்நாடகத்தில் 1960 ஆண்டுச் சட்டப்படி சங்கத்துக்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். எங்கள் பழைய உறுப்பினர்களில் உயிரோடு ஊரில் இருந்தது ஐந்து பேர். அந்த ஐந்து பேரைக் கூட்டி, மினிட்ஸ் புத்தகத்தில் தீர்மானம் எழுதி, பதினெட்டுப் பேரைப் புதிதாகச் சேர்த்தோம். பன்னிரண்டு பேர் பெண்கள். விட்டுப்போன ஒவ்வொரு வருஷத்துக்கும் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்து தாமதக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. பத்து வருஷம் தொடாமல் கிடந்ததால் வங்கிக் கணக்கில் இருந்த பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போயிருந்தது. பயப்பட வேண்டாம், அது தொலைந்த பணம் இல்லை. புதுத் தீர்மானம், பதிவாளர் சான்று, பான் அட்டை எல்லாம் கொடுத்தால் வங்கி வழியாகவே திரும்ப வரும். எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. வந்த பணம் ஒயரிங்குக்கும் கரண்ட் பாக்கிக்கும் சரியாகப் போனது.

கதவுக்கு இப்போது எண் பூட்டு. ஏழு பெண்களுக்கு எண் தெரியும், ஆளுக்கு ஒருநாள் முறை. முதலில் ஐந்தரைக்குத் திறந்தோம். வந்ததே நாலைந்து பேர். இந்திராநகர் அபார்ட்மெண்டுகளில் வீட்டு வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பெண்கள் மூன்று மணிக்குத் திரும்பி, மறுபடி ஐந்து மணிக்குப் பாத்திரம் தேய்க்கப் போவார்கள். அவர்கள் கிளம்பும்போது பிள்ளைகளை விட ஓர் இடம் வேண்டும், நாங்களோ அப்போது திறந்திருக்கவே இல்லை. நாலரைக்கு மாற்றினோம். அந்த ஒரு மணி நேர மாற்றத்தில் கூடம் நிறைந்தது.

அரசு நூலகம் இருக்கிறதே, வீட்டு வரியோடு 6 சதவீதம் நூலக வரி கட்டுகிறோமே, அப்புறம் இது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அரசு நூலகம் வேண்டும், இன்னும் நிறைய வேண்டும். ஆனால் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளையை அங்கே உட்காரவைக்க முடியாது. இங்கே முடியும். ஒரு பக்கம் கேரம் சத்தம், ஒரு பக்கம் வாய்ப்பாடு, ஜன்னலோரம் தினத்தந்தியும் தினச்சுடரும். பேப்பரைப் பெரியப்பா படிக்கிறார். மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி, சின்ன எழுத்து தெரிவதில்லை. அதனால் சத்தமாகப் படிக்கிறார்.

மன்றம் ஊருக்கே உரியதாக மாறியது 2023 ஜூலையில். கிருஹலட்சுமி திட்டம், குடும்பத் தலைவிக்கு மாதம் 2000 ரூபாய். ரேஷன் கார்டில் யார் தலைவி, ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று ஆளாளுக்கு ஒரு குழப்பம். விண்ணப்பிக்கும் மையத்துக்குப் போகும் முன் காகிதங்களைச் சரிபார்க்க ஒரு மேசை போட்டோம். தமிழ் வீடுகள் வந்தன, கன்னட வீடுகள் வந்தன, உருது பேசுகிற பின் தெருக்காரர்கள் வந்தார்கள். அந்த மேசையில்தான் ஒன்று தெரிந்தது. எங்கள் பெண்கள் கன்னடத்தைத் தண்ணீர் மாதிரிப் பேசுவார்கள், ஓர் எழுத்துப் படிக்கத் தெரியாது. பஸ்ஸில் எண்ணைப் பார்த்து ஏறுகிறார்கள், பலகையை அல்ல. அஜ்ஜியின் பேத்தி பள்ளி ஆசிரியை. அவளே வந்து, வாரம் மூன்று நாள் கன்னட எழுத்து சொல்லித் தரட்டுமா என்று கேட்டாள்.

தமிழ் மன்றத்தில் கன்னட வகுப்பா என்று இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். அவர்கள் கோபத்தை நான் மதிக்கிறேன், தமிழ் இந்த ஊரில் எப்படித் தேய்ந்தது என்று பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் இந்த மண்ணைக் கொடுத்தது யார், 91-ல் அந்தப் படியில் உட்கார்ந்தது யார்? கூட்டத்தில் இதைத்தான் கேட்டேன். வகுப்பு நடக்கிறது. அதே அறையில் செவ்வாய், வியாழன் தமிழ் எழுத்து வகுப்பும் நடக்கிறது, தமிழ் பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாத எங்கள் பிள்ளைகளுக்கு. முதலில் படிக்க வந்ததில் அஜ்ஜியின் கொள்ளுப் பேரனும் ஒருவன்.

2024-ல் பெயர்ப் பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தபோது, எங்களுக்குப் பலகையே இல்லை என்பது நினைவு வந்தது. 91-ல் கழற்றியதைப் பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்தோம். மேலே பெரிதாகக் கன்னடம், கீழே தமிழ். முப்பத்துமூன்று வருஷம் கழித்து மன்றத்துக்கு மறுபடி பெயர் வந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டவர்களில் பாதிப் பேர் அது கழற்றப்பட்டபோது பிறக்கவே இல்லை.

பணம்தான் இன்னும் இழுபறி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சீமந்தம், பெயர் வைக்கிற விழா இவற்றுக்கு வாடகைக்கு விடுகிறோம். பதினாறாம் நாள் காரியத்துக்குக் காசு வாங்குவதில்லை. வார நாளில் யாருக்கும் இல்லை. ஒரு குடும்பம், எங்களுக்கு நெருங்கிய சொந்தம், புதன்கிழமை நிச்சயதார்த்தத்துக்குக் கேட்டது. பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று மறுத்தோம். மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கு வலித்தது, ஆனால் நாற்காலி அடுக்கக் கொடுத்த அந்த முதல் மூலை ஞாபகத்தில் இருந்தது.

இப்போது கூரை. கிழக்கு மூலையில் ஓடு சரிந்து, மழை பெய்தால் நேராகப் பெஞ்சில் கொட்டுகிறது. ஓடு தாங்கும் ரீப்பர் கட்டை முழுவதும் உளுத்துவிட்டது, ஓடுகளை மட்டும் மாற்றிப் பயனில்லை என்கிறார் பெரியப்பா. சிமெண்ட் சீட் போட்டால் செலவு பாதி, ஆனால் வெயில் காலத்தில் பிள்ளைகள் உட்கார முடியாது. ஓடுதான் போட வேண்டும் என்பது என் கட்சி. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவாகும்.

நேற்று என் முறை. நல்ல மழை. எட்டரைக்குப் பூட்டும்போது, அன்றைக்குப் படியில் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாளே, அவள் கேட்டாள். இப்போது பி.யு.சி. படிக்கிறாள். "நாளைக்கும் மழையாம்க்கா. திறப்பீங்களா?"

"திறப்போம். நீ அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்துடு, பெஞ்சை அந்தப் பக்கம் நகர்த்தணும்" என்றேன்.